ஊர் நூலகத்துக்கு ஆண்டுதோறும் யார் பணம் தருகிறார்கள்?

"எங்கள் ஊரில் நூலகம் இல்லை, ஒன்று கட்டித் தாருங்கள்." மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக் கிராமங்களிலிருந்து பிரதேச சபைகளுக்குப் போகும் மனுக்களில் இப்படி ஒரு வரி இருப்பது புதிதில்லை. வரியில் பிழையில்லை. ஆனால் 'கட்டித் தாருங்கள்' என்று கேட்டவுடன் எல்லோர் மனத்திலும் எழுவது ஒரு கட்டடம்: வெள்ளைச் சுவர், நீலப் பெயர்ப்பலகை, வாசலில் அடிக்கல் நாட்டியவரின் பெயர். அதற்கு எப்படியாவது பணம் கிடைத்துவிடும். கதவு திறந்த மறுநாளிலிருந்து மின்கட்டணம், பத்திரிகை, புத்தகம், ஆள் என்று ஓடப்போகும் செலவை யார் தருவார் என்பதை மனு எழுதுபவர் கேட்பதில்லை, சபையும் தானாகச் சொல்வதில்லை. கிராமப்புற நூலகத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம் என்றால் நான் அதைத்தான் கேட்பேன்.

இதைப் படிப்பவருக்கு நூலகவியல் தெரிந்திருக்கத் தேவையில்லை. மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ ஒரு சபையின் எல்லைக்குள் வாழ்கிறவராக இருந்தால் போதும்.

யாருடைய பொறுப்பு

இலங்கையில் பாடசாலை நூலகம் கல்வித் துறையைச் சேர்ந்தது. பொது நூலகம் உள்ளூராட்சி மன்றத்தைச் சேர்ந்தது. மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் நூலகம் அமைத்து நடத்தலாம். பிரதேச சபைகளுக்கு இந்த அதிகாரம் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் வழியாக வருகிறது. மட்டக்களப்பு மாவட்டத்தில் இத்தகைய மன்றங்கள் 12: ஒரு மாநகர சபை, காத்தான்குடி, ஏறாவூர் நகர சபைகள், 9 பிரதேச சபைகள். அம்பாறை மாவட்டத்தில் 20: கல்முனை, அக்கரைப்பற்று மாநகர சபைகள், அம்பாறை நகர சபை, 17 பிரதேச சபைகள். உங்கள் ஊருக்கு நூலகம் வேண்டுமென்றால் பாராளுமன்ற உறுப்பினரின் வீட்டுக்குப் போவதற்கு முன் இந்த 32 கதவுகளில் உங்களுக்குரிய கதவைத் தட்டுங்கள்.

சபைக்கு மேலே திருகோணமலையிலிருந்து இயங்கும் மாகாண நிர்வாகமும் அதன் உள்ளூராட்சித் திணைக்களமும் இருக்கின்றன. நிரந்தர ஊழியரின் சம்பளம், பெரிய கட்டட வேலைகளுக்கான நிதி ஆகிய இரண்டுக்கும் சபைகள் மாகாணத்தின் முகத்தைத்தான் பார்க்கின்றன. கொழும்பில் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை இருக்கிறது; 1970இல் வந்த சட்டத்தில் வேரூன்றிய நிறுவனம். பயிற்சி, ஆலோசனை, நூல்களுக்கான சர்வதேசத் தர எண் போன்றவை அதன் வேலை. வெல்லாவெளியிலுள்ள வாசகசாலையின் மின்கட்டணத்தை அது கட்டாது.

இதற்கெல்லாம் வெளியே இன்னொரு வகை உண்டு. சனசமூக நிலையம், விளையாட்டுக் கழகம், கிராம அபிவிருத்திச் சங்கம் நடத்தும் வாசகசாலைகள். ஊக்கமுள்ள இரண்டு மூன்று இளைஞர்கள் இருக்கும்வரை இவை அழகாக ஓடும். அவர்கள் கட்டாருக்கோ கொழும்புக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போனதும் சாவி யாரிடம் இருக்கிறது என்பதே தெரியாமல் போய்விடும். இந்த முயற்சிகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. படுவான்கரையில் பத்திரிகை வாசிக்கும் பழக்கத்தை இவைதான் வளர்த்தன. ஆனால் நிரந்தர வருமானமோ, சட்டப்படி பொறுப்பேற்க ஒருவரோ இல்லாத இடத்தை ஊரின் ஒரே நூலகமாக நம்பியிருக்க முடியாது.

பணம் எந்தெந்த வழியாக வருகிறது

பிரதேச சபையின் சொந்த வருமானம் என்றால் சோலைவரி (வீடு, கட்டடங்கள் மீதான ஆண்டு வரி), வியாபார அனுமதிக் கட்டணம், சந்தைக் கடைகளின் வாடகை, இன்னும் சில சில்லறைக் கட்டணங்கள். காணி கைமாறும்போது செலுத்தப்படும் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாணத்தின் வழியாகச் சபைக்கு வந்து சேரும். வாவிக்குக் கிழக்கே கடலோரமாக இருக்கும் எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. சோலைவரியை ஒரு பிரதேச சபை எல்லா வீட்டுக்கும் விதிக்க முடியாது. வீடுகள் நெருங்கிய பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில்தான் விதிக்கலாம். களுவாஞ்சிகுடி போன்ற கடைத்தெருக்கள் உள்ள சபைக்கு அதில் கொஞ்சம் கிடைக்கும். வயலும் குளமும் காடும் பரந்து கிடக்கிற வாகரை, வவுணதீவு, பட்டிப்பளை, போரதீவுப்பற்றுப் பக்கம் அப்படியில்லை. வீடுகள் சிதறிக் கிடக்கின்றன, சந்தை சிறியது, காணி விற்பனையும் குறைவு. தூரம் அதிகமாகவும் நூலகத் தேவை கூடுதலாகவும் இருக்கும் சபையின் கையில்தான் பணம் மிகக் குறைவாக இருக்கிறது.

இந்தச் சிறிய வருமானத்தில் நூலகத்துக்கென்று தனியான பங்கு எதுவும் கிடையாது. தமிழ்நாட்டில் வேறு மாதிரி. அங்கே 1948இல் வந்த பொது நூலகச் சட்டம் வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியையும் வசூலிக்க வழி செய்தது. அந்தப் பணம் நூலக ஆணைக்குழுவின் நிதிக்குப் போய் நூலகத்துக்கென்றே செலவாக வேண்டும். வசூலித்த வரியை உள்ளாட்சிகள் சரியாகக் கொடுப்பதில்லை என்ற முணுமுணுப்பு அங்கேயும் கேட்பதுண்டு. இருந்தாலும் கேட்பதற்கு ஒரு சட்ட உரிமையாவது இருக்கிறது. நம்மிடம் குப்பை அள்ளும் உழவு இயந்திரம், தெருவிளக்கு, கிரவல் வீதி, மயானச் சுற்றுமதில், நூலகம் எல்லாமே ஒரே பெட்டியிலிருந்துதான் பங்கு கேட்கின்றன. தெருவிளக்கு எரியாவிட்டால் அன்றிரவே உறுப்பினரின் கைத்தொலைபேசி ஒலிக்கும். ஆறு மாதமாகப் புதிய புத்தகம் வரவில்லை என்று யாரும் இரவில் அழைப்பதில்லை. சபையின் பாதீட்டில், அதாவது ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில், நூலகம் கடைசியில் நிற்பதற்குத் தீய நோக்கம் எதுவும் காரணமில்லை; சத்தம் போட ஆளில்லை.

அடுத்த வழி, சம்பளம். அங்கீகரிக்கப்பட்ட பதவியில் இருக்கும் நிரந்தர ஊழியரின் சம்பளத்தைப் பெரும்பாலும் மாகாணம் சபைக்கு மீளளிக்கிறது. ஆகவே, அங்கீகாரம் பெற்ற ஒரு நூலகர் சபைக்குப் பெரிய சுமை இல்லை. புதிய கிளை நூலகம் ஒன்றைத் திறக்கிறீர்கள், ஆனால் அதற்கு ஆளணி அங்கீகாரம், அதாவது பதவிக்கான அனுமதி, இல்லை என்றால் கதை மாறிவிடும். அங்கே அமர்பவருக்குச் சபை தன் சொந்தப் பணத்திலிருந்து நாட்கூலி கொடுக்க வேண்டும். அல்லது அலுவலகத்திலிருந்து ஒரு சிற்றூழியரை அனுப்ப வேண்டும். அவர் விடுமுறை எடுத்தால் நூலகமும் விடுமுறை எடுக்கும். 'ஆளணி' என்ற இந்த ஒற்றைச் சொல்லைப் பிரதேச சபைக் கூட்டங்களில் கவனித்துக் கேளுங்கள். கிராம நூலகங்களின் பாதிப் பிரச்சினை அதற்குள் அடங்கியிருக்கிறது.

மூன்றாவது, ஒரே தடவை வந்து போகும் பணம். மாகாண அபிவிருத்தி நிதி, பாராளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி, வெளிநாட்டு உதவித் திட்டங்கள் எல்லாம் இதில் சேரும். போருக்குப் பின் வடக்கு, கிழக்கு உள்ளூராட்சி மன்றங்களுக்கு உலக வங்கி உதவியோடு வந்த நெல்சிப் திட்டத்தைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். வீதி, சந்தை, பொதுக் கட்டடம் என்று பல வேலைகள் அதில் நடந்தன. சுவிற்சர்லாந்திலும் கனடாவிலும் பிரித்தானியாவிலும் இருக்கும் ஊரவர்கள் அனுப்பும் பணமும் இந்த வகைதான். எல்லாம் வரவேற்கத்தக்கவை. எல்லாமே கட்டடம், அலுமாரி, கணினி என்று கண்ணில் படுவதையே விரும்புபவை. மாதாந்த மின்கட்டணத்துக்குப் பெயர்ப்பலகை வைக்க முடியாதல்லவா?

மூலதனச் செலவும் மீண்டெழும் செலவும்

பாதீட்டைக் கையில் எடுத்தால் இரண்டு பெரிய பிரிவுகளைக் காண்பீர்கள். ஒருமுறை செலவழித்து நெடுங்காலம் பயன்பெறுவது மூலதனச் செலவு. ஒவ்வோர் ஆண்டும் திரும்பத் திரும்ப வருவது மீண்டெழும் செலவு. கட்டடமும் தளபாடமும் முதலாவதில் வரும்; சம்பளம், மின்சாரம், பத்திரிகை, திருத்த வேலை இரண்டாவதில் வரும். புத்தகத்தைக் கணக்காளர்கள் முதலாவதில் போடுவதுண்டு. ஆனால் நூலகத்தைத் திட்டமிடுபவர் அதை இரண்டாவதாகத்தான் நினைக்க வேண்டும், ஏனென்றால் புத்தகம் ஒவ்வோர் ஆண்டும் வாங்க வேண்டிய பொருள். மாட்டை வாங்கியவன் வைக்கோலுக்கு வழி பார்க்காமல் இருந்தால் என்ன ஆகுமோ, முதலாவதைப் பெற்றுக்கொண்டு இரண்டாவதை மறந்த சபையின் நூலகத்துக்கும் அதுதான் ஆகும்.

இதை நன்றாக விளங்கிக்கொண்ட ஒருவர் நூலகவியலாளர் அல்லர், அமெரிக்க உருக்குத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்து அவர் பணத்தில் உலகெங்கும் 2,500க்கும் மேற்பட்ட நூலகக் கட்டடங்கள் எழுந்தன. அமெரிக்க ஊர்களுக்கு அவர் விதித்த நிபந்தனை எளிமையானது: நிலத்தை ஊர் தர வேண்டும், கட்டடத்துக்கு அவர் கொடுக்கும் தொகையில் 10 வீதத்தை ஆண்டுதோறும் ஊர் தன் வரிப்பணத்திலிருந்து நூலகத்தை நடத்த ஒதுக்க வேண்டும். இந்த நிபந்தனையைப் பார்த்துப் பணமே வேண்டாம் என்று விலகிய ஊர்களும் உண்டு. ஒப்புக்கொண்டு பின்னர் வாக்குத் தவறிய ஊர்களும் உண்டு. ஆனாலும் இந்த 10 வீதம் நமக்கு ஒரு நல்ல உரைகல். 2 கோடி ரூபாவில் ஒரு நூலகக் கட்டடம் கட்டித் தருகிறோம் என்று யாராவது வந்தால் உடனே கணக்குப் போடுங்கள்: ஆண்டுக்கு 20 இலட்சம். சபையிடம் அது இருக்கிறதா? இல்லையென்றால் 50 இலட்சத்தில் ஒரு சிறிய கட்டடத்தைக் கேட்பது மேல். வெட்கப்பட ஒன்றுமில்லை.

கணினிக்கும் இதே விதிதான். 'டிஜிட்டல் நூலகம்' என்ற பெயரில் பத்துக் கணினிகள் வந்து இறங்கும். இணையக் கட்டணத்துக்கும் பழுதுபார்ப்பதற்கும் பாதீட்டில் பணம் ஒதுக்கிய தலைப்பு இல்லாவிட்டால் இரண்டாவது மழைக்காலத்தோடு அவை துணி போர்த்தப்பட்டுவிடும். இணைய இணைப்புள்ள ஒரே கணினியும் அதை இயக்கிக் காட்டத் தெரிந்த ஓர் ஆளும் இருந்தால், 2005இலிருந்து இயங்கிவரும் 'நூலகம்' என்ற இணையத்தளத்திலுள்ள ஈழத்துத் தமிழ் நூல்களும் சஞ்சிகைகளும் பாலையடிவெட்டை போன்ற உட்கிராமத்தில் இருப்பவருக்கும் இலவசமாகக் கிடைக்கும்.

எங்கே வைப்பது

நூலகம் அமையும் இடத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது எந்த இடத்தில் காணி சும்மா கிடைத்தது என்பதுதான். ஊருக்கு வெளியே, மயானத்துக்குப் போகும் வழியில், பிரதான வீதியிலிருந்து ஒதுங்கி என்று நூலகங்கள் போய் அமர்வது இப்படித்தான். உறுதியில்லாத காணியில் சபை பணம் செலவழிப்பதும் சிக்கல் என்பதால் பிரதேச செயலாளரிடமிருந்து அரச காணியை முறைப்படி பெறும்வரை காத்திருக்க வேண்டியும் வரும். இந்த நடைமுறைக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடும் குணம் உண்டு. மனு எழுதுபவர்கள் கட்டடத்துக்கு முன் காணியைப் பற்றிக் கேட்பது நல்லது.

தூரத்தை வரைபடத்தில் அளவுகோல் வைத்து அளக்காதீர்கள். மட்டக்களப்பு வாவி அந்தக் கணக்கைக் கலைத்துவிடும். குருமண்வெளியிலிருந்து மண்டூர் வாவிக்கு அக்கரையில்தான் இருக்கிறது. ஆனால் படகுப்பாதை ஓடாத நேரத்தில் பட்டிருப்புப் பாலத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்கு 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பின்தான் தரைவழி சுருங்கியது. நாவிதன்வெளிக்கும் கல்முனைக்கும் இடையே கிட்டங்கித் தாம்போதி இருக்கிறது. மாரியில் வெள்ளம் அதற்கு மேலால் பாயும்போது கல்முனையில் எவ்வளவு நல்ல நூலகம் இருந்தும் நாவிதன்வெளிப் பிள்ளைக்கு அது இல்லாததுதான். ஆகவே அளக்க வேண்டியது நேரம். பாடசாலை விட்டு ஒரு 12 வயதுப் பிள்ளை நடந்தோ சைக்கிளிலோ போய், புத்தகம் எடுத்து, இருட்டுவதற்கு முன் வீடு வந்து சேர முடியுமா?

இருட்டு என்று சொன்னது அலங்காரத்துக்கு இல்லை. போரதீவுப்பற்றின் எல்லைக் கிராமங்களிலும் பட்டிப்பளை, வவுணதீவுப் பக்கங்களிலும் மாலையானால் யானை வரும். காத்தான்குடியிலோ கல்முனையிலோ நூலகத்தை இரவு 8 மணி வரை திறந்து வைத்தால் கூட்டம் வரும். திக்கோடைப் பக்கத்தில் அதே நேர அட்டவணையைப் போட்டால் ஆபத்து. அங்கே பாடசாலை முடியும் பகல் 1.30இலிருந்து 5.30 வரை என்பதே உயிருள்ள நேரம். இப்போது பல இடங்களில் நடப்பதோ, காலை 8.30க்குத் திறந்து மாலை அலுவலகத்தோடு மூடுவது. காலைப் பொழுதில் பிள்ளைகள் பாடசாலையில், பெரியவர்கள் வயலில். நூலகர் மட்டும் பத்திரிகை படித்துக்கொண்டிருப்பார். நேரத்தை மாற்றுவதற்கு ஒரு சதமும் செலவில்லை; எல்லாச் சீர்திருத்தத்திலும் மலிவானது இதுதான், ஆனால் இதைச் செய்ய வைப்பதுதான் மிகக் கடினம். ஞாயிறு காலை அறநெறி வகுப்பு, வெள்ளி நண்பகல் ஜும்மா, பரீட்சைக் காலத்துத் தனியார் வகுப்புகள், பெரும்போக அறுவடை என்று ஊருக்கு ஊர் நாட்காட்டி வேறுபடும். அதைக் கேட்டறிந்துதான் நேரம் குறிக்க வேண்டும்.

வெள்ளத்தையும் சொல்ல வேண்டும். 1978 நவம்பர்ச் சூறாவளி, 2004 சுனாமி, 2011 ஜனவரி வெள்ளம் என்று இந்தக் கரை கண்டவை பல. புத்தகம் நனைந்தால் காயும், ஆனால் பூஞ்சணம் பிடிக்கும். ஊரில் வயதானவர்களிடம் பெருவெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டு அதற்கு மேலே தளத்தை உயர்த்த வேண்டும். அலுமாரியின் அடித்தட்டை ஐப்பசியிலேயே காலியாக்க வேண்டும். கறையானுக்கும் ஈரத்துக்கும் தப்ப அலுமாரி சுவரை ஒட்டாமல் நிற்க வேண்டும். ஒப்பந்தக்காரர் இதையெல்லாம் யோசிக்க மாட்டார்.

எத்தனை புத்தகம், எவ்வளவு பணம்

நூலகச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு, யுனெஸ்கோவுடன் சேர்ந்து 2001இல் வெளியிட்ட வழிகாட்டலில் சில அளவுகள் உண்டு. மக்கள்தொகையில் ஒருவருக்கு 1.5 முதல் 2.5 புத்தகம், மிகச் சிறிய கிளையிலும் 2,500க்குக் குறையாமல், 2,500 பேருக்கு ஓர் ஊழியர். 25,000 முதல் 50,000 வரை மக்கள் உள்ள பகுதியில் ஆண்டுக்கு ஒருவருக்கு 0.225 என்ற கணக்கில் புதிய புத்தகம்.

40,000 பேர் வாழும் ஒரு பிரதேச சபையைக் கற்பனை செய்து இதைப் பொருத்திப் பாருங்கள். குறைந்தது 60,000 புத்தகம், 16 ஊழியர், ஆண்டுதோறும் 9,000 புதிய புத்தகம். ஒரு புத்தகம் சராசரியாக 800 ரூபா என்று வைத்தால் புத்தகத்துக்கு மட்டும் ஆண்டுக்கு 72 இலட்சம். எந்தத் தவிசாளரும் சிரித்துவிடுவார். சிரிக்கட்டும். அந்த அளவுகள் நமக்கு இன்றைய இலக்கு இல்லைதான். எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்று காட்டுவதற்கு உதவும்.

கைக்கெட்டும் கணக்கு ஒன்றைப் போடுவோம். ஒரு தலைமை நூலகத்தில் 6,000 புத்தகம், மூன்று கிளைகளில் தலா 2,500. மொத்தம் 13,500. குழந்தைகள் கையில் புழங்கும் புத்தகம் கிழியும், பரீட்சை வழிகாட்டி பாடத்திட்டம் மாறியதும் பயனற்றுப் போகும்; ஆகவே பத்து ஆண்டுக்கு ஒரு முறை இருப்பு புதுப்பிக்கப்பட வேண்டும் என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,350 புத்தகம், 10 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா. இப்போது சபை பாதீட்டில் புத்தகக் கொள்வனவுக்கு 2 இலட்சம் மட்டும் ஒதுக்கியிருக்கிறது என்றால் 250 புத்தகம்தான் வரும். 13,500ஐ 250ஆல் வகுத்தால் 54. இருப்பு முழுவதும் ஒருமுறை மாற 54 ஆண்டு வேண்டும். இந்த ஒற்றை வகுத்தலை உங்கள் ஊர் நூலகத்தின் உண்மையான எண்களோடு செய்து பார்த்தால் அந்த நூலகத்தின் உடல்நிலை தெரிந்துவிடும். பத்துக்கும் பதினைந்துக்கும் இடையில் என்றால் நல்லது. முப்பதைத் தாண்டினால் அது பழைய புத்தகக் களஞ்சியமாக மாறிக்கொண்டிருக்கிறது.

பத்திரிகையைத் தனியாகக் கணக்கிடுங்கள். நாளொன்றுக்கு 300 ரூபாவுக்குப் பத்திரிகை வாங்கினால் ஆண்டுக்கு 1 இலட்சத்து 9 ஆயிரத்து 500. புத்தகத்துக்கென்று வந்த பணத்தைப் பத்திரிகை மெல்ல விழுங்கிவிடுவது வழக்கம். பத்திரிகை வேண்டாம் என்று சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் வேலைவாய்ப்பு அறிவித்தல் பார்க்க வரும் பட்டதாரிகளும், மரண அறிவித்தல் பார்க்க வரும் முதியவர்களும் நூலகத்தின் உறுதியான வாசகர்கள். இரண்டுக்கும் தலைப்பு தனித்தனியாக இருக்கட்டும் என்பதே கோரிக்கை.

மூன்று கிளைகளுக்கும் வழியில்லை என்ற சபைக்குப் பெட்டி நூலகம் இருக்கிறது. நான்கு பெட்டி, ஒவ்வொன்றிலும் 200 புத்தகம், நான்கு சனசமூக நிலையங்கள். மாதத்துக்கு ஒரு முறை பெட்டிகள் இடம் மாறும். 6 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாவுக்கு நான்கு ஊர்கள் நான்கு மாதம் புதிய புத்தகத்தைக் காணும். ஏற்றிச் செல்ல சபையின் உழவு இயந்திரம் போதும். நடமாடும் நூலக வாகனம் இதைவிட அழகுதான், படத்துக்கும் நன்றாக இருக்கும். ஆனால் 2022இல் எரிபொருள் வரிசையில் நாடே நின்றதை நினைத்துப் பார்த்தால் எனக்குப் பெட்டியின் மீதுதான் நம்பிக்கை.

நன்கொடைப் புத்தகமும் கண்ணாடி அலுமாரியும்

பணமில்லாத சபைக்குப் புத்தக நன்கொடை ஆறுதல் போலத் தெரியும். வருவது என்ன? பாடத்திட்டம் மாறிப்போன வழிகாட்டிகள், வெளிநாட்டு நூலகம் ஒன்று கழித்த ஆங்கில நாவல்கள், ஒரே நினைவு மலரின் நாற்பது பிரதிகள். பதிவு செய்து இலக்கமிட்டு அடுக்கினால் எண்ணிக்கை கூடும், வாசகர் கூடமாட்டார். எந்த வகைப் புத்தகத்தை ஏற்போம், எதை ஏற்கமாட்டோம் என்று சபை ஒரு பக்கத்தில் எழுதி நூலக வாசலில் ஒட்டிவிட்டால் நூலகருக்குப் பெரிய உதவி. தமிழில் நல்ல சிறுவர் நூல்கள், உயர்தரக் கணித, விஞ்ஞான நூல்கள், கிழக்கிலங்கை எழுத்தாளர்களின் படைப்புகள், இறக்காமம், நாவிதன்வெளி போன்ற கலந்து வாழும் பகுதிகளில் சிங்கள நூல்களும் என்று பட்டியலைக் கையில் வைத்திருந்தால் புலம்பெயர்ந்த உறவுகளிடமும் அதைக் கொடுக்கலாம். புத்தகமாக அனுப்பும் கப்பல் செலவைப் பணமாகவே தரச் சொல்லலாம்.

புத்தகம் சபையின் சொத்து. கதிரையைப் போல அதுவும் ஆண்டுக் கணக்கெடுப்பில் எண்ணப்படும். காணாமல் போனால் பொறுப்பாக இருந்தவர் விளக்கம் கொடுக்க வேண்டும், சில வேளை பணமும் கட்ட வேண்டும். நல்ல புத்தகங்கள் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டிக் கிடப்பதற்கும், பத்து ஆண்டு பழைய வழிகாட்டிகள் கழிக்கப்படாமல் தட்டை நிறைத்து நிற்பதற்கும் இதுதான் காரணம். நூலகரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆண்டுக்கு இத்தனை வீதம் வரை இழப்பு ஏற்கப்படும், பயனற்ற நூல்களைக் கழிக்க இன்ன குழு கூடும் என்று சபை தீர்மானம் நிறைவேற்றினால் பூட்டு தானாகத் திறக்கும்.

அங்கத்துவப் படிவத்தையும் ஒருமுறை பாருங்கள். பல இடங்களில் பிணையாளி ஒருவர் கையொப்பமிட வேண்டும்; அவர் சோலைவரி கட்டுபவராகவோ அரச ஊழியராகவோ இருக்க வேண்டும் என்றும் இருக்கலாம். சோலைவரியே விதிக்கப்படாத கிராமத்துக் கூலி விவசாயியின் மகள் அந்தக் கையொப்பத்துக்கு எங்கே போவாள்? பாடசாலை அதிபரின் ஒப்பமே போதும் என்று மாற்ற ஒரு தீர்மானம் போதும். இதற்கும் பணம் தேவையில்லை.

எப்போது, எப்படிக் கேட்பது

சபையின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. அடுத்த ஆண்டுக்கான பாதீட்டை டிசம்பர் முடிவதற்குள் சபை நிறைவேற்ற வேண்டும். தயாரிப்பு அதற்குச் சில மாதங்கள் முன்பே தொடங்கிவிடும். ஆகவே ஜனவரியில் கொடுக்கும் மனு ஒரு ஆண்டு பிந்திய மனு. ஒக்டோபர் மாதம் தேசிய வாசிப்பு மாதம் என்பதால் அப்போது எல்லாச் சபைகளும் வினாவிடைப் போட்டியும் ஊர்வலமும் நடத்தும். தவிசாளரும் உறுப்பினர்களும் நூலகத்துக்கு நேரில் வரும் அரிய நாட்கள் அவை. பரிசளிப்பு மேடையில் பாராட்டுரை கேட்டுவிட்டுப் போகாமல், பாதீட்டுத் தலைப்பைப் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான நேரம் இல்லை. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து 2025 மே 6 தேர்தல் வரை செயலாளர்களே நிர்வாகம் நடத்தினார்கள். கேள்வி கேட்க உறுப்பினர் இல்லாத காலம் அது. அந்தத் தேர்தல் நடக்காத கல்முனை மாநகர சபையைத் தவிர மற்ற இடங்களில் இப்போது உங்கள் வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர் இருக்கிறார்.

கேட்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றைச் சபையிடமிருந்தே பெறலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பிரதேச சபையும் ஒரு பகிரங்க அதிகாரசபை. அதன் தகவல் அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பித்தால் 14 வேலைநாட்களுக்குள் தகவல் தரலாமா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் நூலகத்துக்குப் பாதீட்டில் ஒதுக்கியது எவ்வளவு, அதில் உண்மையில் செலவானது எவ்வளவு, எத்தனை புத்தகம் வாங்கப்பட்டது, மொத்த இருப்பு எத்தனை, அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எத்தனை, அதில் வெற்றிடம் எத்தனை என்று கேளுங்கள். ஒதுக்கியதற்கும் செலவானதற்கும் இடையில் பெரிய வேறுபாடு இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்; ஆண்டின் நடுவில் பணம் வேறு தலைப்புக்கு மாறியிருக்கலாம், அல்லது விலைமனுக் கோரல் நவம்பரில் தொடங்கி நேரம் போதாமல் போயிருக்கலாம். இரண்டாவது காரணம் என்றால் கொள்வனவைப் பங்குனிக்குள் முடிக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தாலே போதும்.

அதன் பிறகு எழுதும் மனுவில் 'கட்டித் தாருங்கள்' என்ற வரி தேவைப்படாமலே போகலாம். இருக்கும் சனசமூக நிலையத்துக்கு ஒரு பெட்டி, கிளை நூலகத்துக்குப் பகல் 1.30 முதல் 5.30 வரை ஆள், புத்தகத்துக்கு இத்தனை இலட்சம், பத்திரிகைக்குத் தனித் தலைப்பு, காலியாக இருக்கும் நூலகர் பதவியை நிரப்ப மாகாணத்துக்கு ஒரு கடிதம். செயலாளருக்கு ஒரு பிரதி, தவிசாளருக்கு ஒரு பிரதி, வட்டார உறுப்பினருக்கு ஒரு பிரதி. செப்டெம்பர் முதல் வாரத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்பத்தையும் வாங்கி வையுங்கள்.